பேட்டரியை மாட்டியவர் யார்?

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு நீங்களே கண்டுபிடித்து என் மானத்தை வாங்க வேண்டாம். சோலார் பேட்டரி விற்கும் ஒரு கம்பெனியில், வாரண்டிப் பிரிவில் எனக்கு வேலை. பேட்டரி கெட்டுப்போனால் மக்கள் விண்ணப்பம் அனுப்புவார்கள். மாட்டியிருக்கும் இடத்தைப் படம் எடுத்து அனுப்பும்படி கேட்போம். பிறகு, பெரும்பாலும் 'வருந்துகிறோம்' என்று தொடங்கும் பதிலை நான் எழுதுவேன். இத்தனை வருடத்தில் அப்படி எழுதியபோது ஒரு தடவைகூட நான் வருந்தியதில்லை. அது ஒரு எழுத்து நடை, அவ்வளவுதான்.

போன வாரம் வந்த ஒரு படத்தில் பேட்டரி இருந்தது, இன்வெர்ட்டர் இருந்தது, ஓரத்தில் ஒரு காலும் இருந்தது. கட்டிலில் படுத்திருக்கும் வயதானவரின் கால். அதற்கு அடியில் காற்று மெத்தை. படுத்த படுக்கையாகிவிட்டவர்களுக்கு முதுகில் புண் வராமல் இருக்க, ஒரு சின்ன மோட்டார் காற்றை மாற்றி மாற்றி அடைக்குமே, அந்த மெத்தை. மோட்டாரின் வயர் நேராக இன்வெர்ட்டருக்குப் போயிருந்தது. அந்த ஓரத்தை வெட்டிவிட்டு அனுப்பியிருந்தால், பதிலை எழுதிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போயிருப்பேன். வெட்டவில்லை. அதனால் உட்கார்ந்து கதை எழுதினேன்.

2

முதல் தொடக்கம்: 'சூரியன் எல்லோருக்கும் பொது. ஆனால் வாரண்டி —' வேண்டாம். யாரோ மேடையில் மைக்கைத் தட்டுவது போல இருக்கிறது.

இரண்டாவது: 'நான் ஒரு பேட்டரி. என் வயிற்றுக்குள் —' பேசும் பேட்டரியை நானே படிக்க மாட்டேன். உங்கள் தலையில் ஏன் கட்ட வேண்டும்?

மூன்றாவது: 'அந்த வீட்டு மாப்பிள்ளை எந்த வேலைக்கும் வெளியாளைக் கூப்பிடாதவன்.' பரவாயில்லை. ஆள் கிடைத்துவிட்டான். இவனை வைத்து ஓட்டலாம்.

3

அவனுக்கு மேதாவி என்று பட்டப்பெயர் வைத்தேன். கரண்ட் நினைத்தபோது போகும் தெருவில் வீடு. மாமனார் படுக்கையில். மேதாவி வீடியோ பார்த்துப் பார்த்து, மாடியில் பேனலும் கீழே பேட்டரியும் தானே மாட்டினான். மனைவியின் தம்பி லைசென்ஸ் வாங்கிய எலெக்ட்ரீஷியன். அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது பேட்டரி படுத்துவிட்டது. 'லைசென்ஸ் உள்ளவர் நிறுவியதாகச் சான்று இருந்தால்தான் வாரண்டி' என்கிறது எங்கள் விதி. மேதாவி மச்சானிடம் போய் நின்றான்.

"மச்சான், ஒரே ஒரு கையெழுத்து."

"மாட்டும்போது என்னைக் கூப்பிட்டீங்களா மாமா?"

"நீ பிஸியா இருந்தே."

"நான் எங்க பிஸியா இருந்தேன்? 'எலெக்ட்ரீஷியன் இல்லாமலே முடிச்சாச்சு'ன்னு குடும்ப குரூப்புல படம் போட்டீங்களே. முதல் ஆளா கட்டைவிரல் தூக்கிக் காட்டினதே நான்தான்."

மச்சானின் அக்கா, அதாவது மேதாவியின் மனைவி, இருவருக்கும் டீ கொண்டுவந்து வைத்தாள். "அப்பா முகத்துக்காகவாவது போட்டுக் குடுடா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

4

மேதாவியும் மச்சானும் எனக்குப் பிடித்துப்போனார்கள். அக்காவைத்தான் பிடிக்கவில்லை. டீ வைக்கிறாள், அழுகிறாள், உள்ளே போகிறாள். கதை முழுக்க அவளுக்கு வேறு வேலையே இல்லை. ஏதாவது கொடுக்கலாமே என்று படத்தை மறுபடி பார்த்தேன். பேட்டரியின் ஒவ்வொரு போல்ட்டின் மேலும் ஒரு சிவப்புக் கோடு தெரிந்தது. போல்ட்டின் தலையில் தொடங்கி, அடித்தகடு வரைக்கும் இழுத்திருந்தார்கள். எங்கள் டெக்னிக்கல் ஆட்கள் அதைப் பார்த்து ஏற்கெனவே ஒரு குறிப்பு எழுதியிருந்தார்கள்: 'முனைகளில் கம்பெனி போடாத அடையாளங்கள். பேட்டரியில் கைவைத்திருக்கலாம்.'

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது: மறுப்பதற்கு ஒரு காரணம் போதும். இரண்டு கிடைத்தால் எங்கள் பிரிவில் அன்றைக்கு எல்லோருக்கும் நல்ல மூடு.)

சரி, அந்தச் சிவப்புக் கோடுகளையும் மேதாவி கணக்கிலேயே எழுதிவிடலாம் என்று, 'அவன் கிறுக்குத்தனமாகப் பெயின்ட் டப்பாவை எடுத்து —'

போன் அடித்தது. ஒரு பெண் விண்ணப்ப எண்ணைச் சொன்னார். அதே வீடு.

5

"சார், எங்க பேட்டரி விஷயமா. நிறுவியவர் பேரு காலியா இருக்குன்னு மெசேஜ் வந்துச்சு."

"ஆமாம்மா. யார் மாட்டினாங்க? உங்க வீட்டுக்காரரா?"

"அவரா? அவரு டார்ச் பிடிச்சாரு. அதையும் வேற எங்கேயோ பார்த்துப் பிடிச்சாரு. மாட்டினது நான்தான்."

(மேதாவி இந்த இடத்தில் கதையை விட்டு வெளியேறுகிறான். மூன்றாம் பகுதியை நான் அழிக்கவில்லை. என் புத்தி எந்தப் பக்கம் ஓடியது என்பது உங்களுக்கும் தெரியட்டும்.)

"போல்ட்டு மேல சிவப்பா ஏதோ இருக்கே?"

"நெயில் பாலிஷ் சார். இறுக்கி முடிச்சதும் ஒரு கோடு இழுத்துடுவேன். போல்ட்டு துளி லூசானாலும் கோடு விலகிடும், பார்த்தாலே தெரிஞ்சுடும். லூசான இடம் சூடேறித் தீப்பிடிக்கும்ல. பக்கத்துலதான் அப்பா படுத்திருக்காரு."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு கோடுகூட விலகவில்லை. இதைத்தான் நாங்கள் இரண்டாவது காரணமாக வைத்திருந்தோம். எனக்கு வெட்கமாக இருந்தது.

"பேட்டரிக்குள்ள ஒரே ஒரு செல்தான் சார் போயிருக்கு. உங்க ஆப்லயே காட்டுது. மத்ததெல்லாம் நல்லாருக்கு."

ஆப்பைத் திறந்து பார்த்தேன். அவர் சொன்னது சரி. செல் உள்ளேயே பழுது, அதாவது எங்கள் தப்பு. இந்த மாதிரி தப்புக்காகத்தான் வாரண்டி என்று ஒன்றை வைத்திருக்கிறோம். ஆனால் 'நிறுவியவர்' என்ற கட்டத்தில் லைசென்ஸ் உள்ள ஒருவரின் பெயர் இல்லாமல் விண்ணப்பம் நகராது.

"உங்களுக்குத் தெரிஞ்ச எலெக்ட்ரீஷியன் யாராவது..." என்று இழுத்தேன்.

"என் தம்பியே எலெக்ட்ரீஷியன்தான் சார்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் கற்பனையில் உண்டாக்கிய ஆள் போனுக்கு அந்தப் பக்கம் நிஜமாகவே இருந்தான்.

"கையெழுத்துப் போட்டுத் தரேன்னு அவன் ஒத்தக் கால்ல நிக்கிறான். நான்தான் வேண்டாம்னுட்டேன். அவன் செய்யாத வேலை. நாளைக்கு யாராவது நோண்டினா லைசென்ஸைப் பிடுங்கிடுவாங்க. பிள்ளைகுட்டிக்காரன். அவன் சோத்துல நான் மண்ணைப் போடவா?"

"அம்மா, இந்தப் பேச்சு பதிவாகுது."

"தெரியும் சார். லைன் கிடைச்சதும் அந்த ரெக்கார்டு பொண்ணு சொல்லிச்சே."

"கரண்ட் போனா இப்ப என்ன பண்றீங்க?"

"மெத்தை இறங்கிடும். நாங்களே அவரைப் புரட்டிப் படுக்க வைக்கிறோம். முதுகுல ஒரு இடம் செவந்திருக்கு. புண்ணாயிடுச்சுன்னா ஆறாதுன்னு நர்ஸம்மா சொல்லிட்டாங்க." பிறகு கேட்டார்: "நான் சரியாத்தானே சார் மாட்டியிருக்கேன்?"

எத்தனையோ கேள்விகளுக்கு எங்களிடம் தயார் பதில் உண்டு. இதற்குக் கிடையாது. "ரொம்ப நல்லா மாட்டியிருக்கீங்கம்மா" என்றேன். அதுவும் பதிவாகியிருக்கிறது.

6

இனி முடிவுகள்.

தம்பி, அக்காவுக்குத் தெரியாமல் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறான். புதுப் பேட்டரி வந்து இறங்குகிறது. எப்படி வந்தது என்று கேட்காமல் வாங்கி வைத்துக்கொள்கிறவரா அவர்? ஐந்து நிமிடம் போனில் பேசிய எனக்கே தெரியும், திருப்பி அனுப்பிவிடுவார்.

'வருந்துகிறோம்' என்று எழுதுகிறேன். விதிப்படி பிசகில்லை. இந்த முடிவுக்கு ஒரு எழுத்தாளன் தேவையில்லை, கம்பெனியிலேயே அச்சடித்து வைத்திருக்கிறார்கள்.

நிறுவியவர் என்ற கட்டத்தில் அந்தப் பெண்ணின் பெயரையே எழுதி, விண்ணப்பத்தை ஏற்றுக்கொள்கிறேன். மாதக் கடைசியில் தணிக்கையில் மாட்டுகிறேன், சீட்டுக் கிழிகிறது. இந்த முடிவில் நான் ரொம்ப நல்லவனாகத் தெரிகிறேன். அதனாலேயே எனக்கு இதன்மேல் சந்தேகம். வீட்டு வாடகையை நினைத்தவுடன் சந்தேகம் இன்னும் கூடுகிறது.

கம்பெனி மனம் மாறி, சொந்தமாக மாட்டுகிறவர்களுக்கும் சோதித்துப் பார்த்து வாரண்டி தரலாம் என்று விதியைத் — சிரிக்காதீர்கள். நானும்தான் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லையே.

(இன்னொரு முடிவும் எழுதினேன். அதில் மழை பெய்தது. அடித்துவிட்டேன்.)

7

கதையை நான் முடிக்கப்போவதில்லை. முடிக்கத் தெரியாமல் இல்லை. எந்த முடிவை எழுதினாலும், அதைக் காகிதத்தில் செய்துவிட்ட திருப்தியில் நாற்காலியில் சாய்ந்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

அதனால் எழுந்துகொள்கிறேன், நீங்கள் உட்காருங்கள். திரையில் அந்தக் கட்டம் காலியாகத்தான் இருக்கிறது. ஏற்கவும் மறுக்கவும் அதன் கீழே தனித்தனிப் பட்டன் உண்டு. போன் பதிவை வேண்டுமானால் இன்னொரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். அவசரமில்லை, நன்றாக யோசியுங்கள் என்று சொல்லத்தான் எனக்கும் ஆசை.

ஆனால் இப்போது அங்கே கரண்ட் போய்விட்டது. மெத்தை மெல்ல இறங்குகிறது. அந்தப் பெண் கட்டிலுக்கு இந்தப் பக்கமும் அவர் வீட்டுக்காரர் அந்தப் பக்கமும் வந்து நின்றுவிட்டார்கள். இவர் தோளைப் பிடித்துக்கொள்கிறார், அவர் இடுப்பை. "அப்பா, திருப்பறோம்ப்பா. கொஞ்சம் வலிக்கும்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்.

நீங்கள் உங்கள் பதிலை எழுதுங்கள்.