ஒரே அச்சில் இரண்டு பூட்டு

சண்முகப்ரியாவுக்கு அந்தச் சோதனைக் கருவியின் மேல் கொலைவெறியே வந்துவிட்டது. கணினியின் அடித்தளத்தில் இருக்கும் கெர்னல் என்ற மைய நிரலில், ஒரு சாதனத்தை இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் தொடாமலிருக்கப் பூட்டு போடுவார்கள். ஒரு வேலை தான் போட்ட பூட்டையே மறுபடி போடப் போனால் எல்லாம் உறைந்து நின்றுவிடும். அப்படியோ, பூட்டும் வரிசை மாறியோ உறையுமா என்று மோப்பம் பிடிப்பதுதான் கருவியின் வேலை. பிடித்தது, ஆனால் தப்பாகப் பிடித்தது. பெரிய சாதனத்துக்கு ஒரு பூட்டு, அதில் செருகிய குட்டிச் சாதனத்துக்கு ஒரு பூட்டு. இரண்டும் நிரலின் ஒரே வரியில் பிறந்ததால், இரண்டும் ஒன்றுதான் என்று எண்ணிக் கத்தியது. ஒருமுறை கத்திவிட்டால், கணினியை மறுபடி தொடங்கும்வரை வாயே திறக்காது. அவ்வளவு ரோஷம்!

சாயங்காலத்துக்குள் எச்சரிக்கை இல்லாமல் ஒப்படைத்தால் பர்மனென்ட். இல்லையென்றால் மறுபடி கான்ட்ராக்ட்தான். சென்னையிலிருந்து டீம் லீட் வெங்கடேஷ் போனில் வெகு சுலபமாகச் சொன்னார்.

“அது பொய் எச்சரிக்கைம்மா. அந்தப் பூட்டுங்களைக் கண்டுக்காதேன்னு கருவிக்கு ஒரு வரி எழுதிட்டு அனுப்பு.”

எழுத உட்கார்ந்தபோது பக்கத்துத் தெரு சந்திராவிடமிருந்து போன் வந்தது.

“ப்ரியாங்களா? உங்க அப்பா எங்க வூட்ல உக்காந்துகினு சோறு போடச் சொல்றாருங்க!”

விழுந்தடித்து ஓடினாள். போன வாரம்தான், வீடெல்லாம் ஒரே அச்சில் இருக்கும் இந்தக் குவார்ட்டர்ஸ் பிளாக்குக்கு மாறி வந்திருந்தார்கள். நிலக்கரி மைன்ஸில் ஷிப்ட் முடிந்து வந்த அப்பா வெள்ளைச்சாமி, ஒரு தெரு முன்னாடியே வண்டியைத் திருப்பிவிட்டார். சட்டையை ஆணியில் மாட்டி, கைகால் கழுவி, சம்மணம் போட்டு உட்கார்ந்து, அடுப்படிப் பக்கம் திரும்பாமலே சோறு கேட்டிருந்தார். சந்திராவும் சிரிப்பை அடக்கிக்கொண்டு கருவாட்டுக் குழம்பை ஊற்றியிருந்தாள்.

“அதே கதவு, அதே ஜன்னல். வெள்ளையடிச்சு நம்பரையும் அழிச்சுட்டாங்க. சாமானெல்லாம் வேற மாதிரி இருக்கேன்னு பார்த்தேன். சரி, உங்கம்மா எடம் மாத்தி வச்சிருக்கான்னு நெனச்சுட்டேன்,” என்றார் அசடு வழிய.

ப்ரியாவுக்குச் சுரீரென்றது. கருவியும் அப்பா கட்சிதான். நம்பரைச் சொல்லாமல் விட்டுவிட்டு அதைத் திட்டி என்ன பயன்?

அப்பாவோடு வீட்டுக்கு வந்தவள், வெங்கடேஷ் சொன்ன வரியை எழுதவில்லை. இரண்டு பூட்டுக்கும் தனித்தனி அடையாளம் கொடுத்தாள். ஓட்டிப் பார்த்தாள். பழைய கத்தல் போயிற்று. ஆனால் புதிதாக ஒன்று வந்தது!

வரி வரியாகப் படித்தாள். அவள் பெரிய பூட்டை முதலில் போட்டு, பிறகு குட்டியைப் போடுகிறாள். வெங்கடேஷ் எழுதிய பகுதியோ குட்டியை முதலில் போட்டு, பிறகு பெரியதைப் போடுகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் ஓடினால் ஆளுக்கொரு பூட்டைப் பிடித்துக்கொண்டு மற்றதற்காகக் காத்தே கிடக்கும். இது நிஜம். பொய்க் கத்தலோடு கருவி ஓய்ந்துபோனதால் இத்தனை நாள் வெளியே வரவில்லை. வாயைக் கட்டியிருந்தால் என்றைக்குமே வந்திருக்காது.

வேலை போனாலும் போகட்டும் என்று வெங்கடேஷைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள். அவர் உடனே வேறொன்றைக் கேட்டார்.

“புனேல கஸ்டமரோட மெஷின் அப்பப்ப உறைஞ்சு நிக்குதே... அது இதானா?”

“இதேதாங்க சார்.”

“அடக் கடவுளே! நான் கேபிள் கேபிளா மாத்திக்கிட்டிருந்தேனே!” வெடித்துச் சிரித்தார். “ரெண்டையும் திருத்தி அனுப்பும்மா. உன்னைப் பர்மனென்ட் பண்ணலேன்னா என் மானம்தான் போகும்.”

திருத்தத்தின் அடியில், யோசனை தந்தவர் பெயரைப் போடுவது அந்தத் தொழிலின் வழக்கம். அவள் ‘வெள்ளைச்சாமி’ என்று தட்டியதைத் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்த அப்பா திகைத்தார்.

“நான் என்னம்மா பண்ணேன்?”

“சந்திராக்கா வீட்ல நல்லா சாப்பிட்டீங்கப்பா.”