இட்டு நிரப்பிய குரல்

வீடியோ அழைப்புகளுக்கு மார்க் போடுவது என் வேலை. படம் நின்று நின்று வந்தாலோ, வாய் ஒரு பக்கமும் பேச்சு ஒரு பக்கமுமாகப் போனாலோ மார்க் குறையும். திட்டு எனக்கு விழும். சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் ஒரு நகைக்கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ்.

போன மாதம் ஒரு வித்தை செய்தோம். லைன் அறுந்தால், பேசுபவரின் பழைய முகத்தையும் குரலையும் வைத்து மென்பொருளே இடைவெளியை இட்டு நிரப்பிவிடும். சோதித்துப் பார்க்க என் அப்பா பெர்னார்டைப் பிடித்தேன். மார்சிலிங்கில் தனியாக இருக்கிறார். அவர் சமையலறையில் லைன் படுமோசம். அதோடு தினமும் ஒரே பேச்சு: "சாப்பிட்டியாம்மா? மழை வரும் லா, குடை எடுத்துக்கோ." மென்பொருளுக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடைப்பாரா? நான் கூப்பிட்டால் தானாகவே எடுத்துக்கொள்ளும்படி அவர் போனை மாற்றி வைத்தேன்.

ஒரே ஒரு சொல் அவர் வாயில் வராது. 'போறேன்'. பள்ளிக்கூட நாளில் வாசலில் நின்று "போறேன்பா" என்றால், திரும்ப உள்ளே வரவழைத்து "வரேன்னு சொல்லு" என்பார். போனை வைக்கும்போதுகூட "வரேன்மா"தான். எங்கிருந்து எங்கே வருகிறாராம்? சர்ச்சில் ஞாயிறு பூசை தவறாத மனிதருக்கு இந்தச் சகுனமெல்லாம் எதற்கு என்று எரிச்சலாக வரும்.

நேற்று மதியம் கூப்பிட்டேன். படம் அவ்வளவு தெளிவு. ஐந்துக்கு ஐந்து மார்க். துள்ளிக் குதிக்காத குறைதான்.

"சாப்பிட்டியாம்மா?" என்றார் அப்பா.

"சாப்பிட்டேன்பா. முட்டி வலி எப்படி இருக்கு?"

"மழை வரும் லா, குடை எடுத்துக்கோ."

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. பக்கத்து நாற்காலி முஆத் எட்டிப் பார்த்தான்.

"ஷாரன், படத்துக்குக் கீழ ஓடுற சிக்னல் கோட்டைப் பாரு, அசையவே இல்ல. அங்கேருந்து எதுவுமே வரல. ஆரம்பத்துலேருந்து எல்லாம் நாமளே நிரப்புனது."

அப்பாவின் பக்கத்து வீட்டு அமலா ஆன்ட்டியிடம் ஒரு சாவி உண்டு. என் போனில் அவரைக் கூப்பிட்டு ஓடச் சொன்னேன். திரையில் அப்பா சிரித்துக்கொண்டே இருந்தார். அவர் ஒருமுறைகூட இமைக்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

போனில் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அதே நேரம் கணினியில் அந்தக் கோடு ஒருமுறை துடித்தது. படம் உடைந்தது. கரகரவென்று ஒரு குரல் வந்தது.

"போறேன்மா."

மார்க் ஒன்றுக்கு விழுந்தது. உடனே படம் பழையபடி தெளிந்துவிட்டது.

போனில் அமலா ஆன்ட்டி அலறினார். "ஐயோ ஷாரன், கிச்சன்ல விழுந்து கிடக்காரும்மா! உடம்பெல்லாம் சில்லுன்னு இருக்கு. காலையிலேயே போயிருப்பாரு!"

முஆத் சேமித்து வைத்திருந்த அப்பாவின் பேச்சையெல்லாம் தேடினான்.

"அந்த வார்த்தை நம்மகிட்ட இல்ல, ஷாரன். அது ஒண்ணுதான் அங்கேருந்து வந்திருக்கு."

நான் திரையைப் பிடித்து உலுக்கினேன். "அப்படிச் சொல்லாதீங்கப்பா! வரேன்னு சொல்லுங்க!"

ஐந்துக்கு ஐந்து தெளிவில் அப்பா சிரித்தார்.

"வரேன்மா."