குறி போடாத கண்கள்

சலவைக்குப் போட்ட கண்கள் மாறி வந்துவிட்டன. தப்பு ஞானமுத்துவுடையதுதான். ஊரில் எல்லாரும் கண்ணைக் கொடுக்கும்போது வெள்ளைவிழி ஓரத்தில் மையால் ஒரு குறி போடச் சொல்வார்கள். தடித்த மை, விரலால் தடவினாலே தட்டுப்படும். இவர் வேண்டாம் என்றுவிட்டார். என் கண்ணை எனக்குத் தெரியாதா என்ற வீறாப்பு. கண் இல்லாமல் போய் நின்றுகொண்டு கண்ணை எதால் அடையாளம் பார்ப்பது? கொடுத்ததை வாங்கிப் பொருத்திக்கொண்டு வீடு வந்தார்.

மனைவி தங்கபுஷ்பம் கீரை ஆய்ந்தபடி அழுதுகொண்டிருந்தாள்.

"ஏளா, எதுக்கு அழுத?"

"எப்பவும்போலத்தான். கை கழுவுங்க, சோறு போடுதேன்."

சோறு போடும்போதும் அழுதாள். குழம்பு ஊற்றும்போதும் அழுதாள். சுவரில் கல்யாண போட்டோ. அதிலும் அழுதுகொண்டுதான் நின்றாள். சிரித்த முகக்காரி என்று இத்தனை காலம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர் ஞானமுத்து. சோறு இறங்கவில்லை.

சலவைக்கடைக்குப் போனார். கடைக்காரன் பிச்சையா இஸ்திரிப் பெட்டியை நிறுத்தவில்லை.

"குறி இல்லாத ஜோடிய நான் எங்க போய்த் தேட, அண்ணாச்சி? ஒமக்கு முந்தி வந்தது மரக்கடை துரைசிங்கம். அவரக் கேளும்."

துரைசிங்கம், ஞானமுத்துவின் கண்களால் ஞானமுத்துவையே ஏற இறங்கப் பார்த்தார்.

"நல்ல கண்ணுவே இது. எம் பொண்டாட்டி சிரிக்கா. பிள்ளையளும் சிரிக்குதுவ. கல்யாணம் ஆனதுக்குப் பொறவு இப்பத்தான் வீட்டுல ஒரு வாய் நிம்மதியாத் திங்கேன். தரமாட்டேன்."

"எனக்கு வீட்டுல இருக்க முடியலவே."

"எனக்கு மட்டும் முடிஞ்சுதாக்கும்?"

நியாயம்தான். திரும்பி வந்தார்.

நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை இறுக மூடிக்கொண்டார். காது பழசு, சொந்தக் காது. அதில் தங்கபுஷ்பம் பாடிக்கொண்டிருந்தாள். அப்படியே இருந்துவிடலாம் என்று பட்டது. சாப்பாட்டுக்குக்கூடத் திறக்கவில்லை.

"இப்படியே எத்தன நாளைக்கு இருப்பீய?" என்றாள். "தெரிஞ்சுபோச்சா?"

"ம்."

ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்டால் சொல்லிவிடுவாள். கேட்கவில்லை.

அவள் தன் கண்களைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துச் சலவைக்கடைக்குப் போனாள். குறி போடவா என்று பிச்சையா கேட்டதற்கு, வேண்டாம் என்றாள். திரும்ப வாங்கவும் போகவில்லை.

இப்போது வீட்டில் அழுகை இல்லை. ஞானமுத்து கண்ணைத் திறந்துகொண்டு ரெண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிடுகிறார். சில சமயம் அவள் கரண்டி தட்டுக்கு வெளியே கவிழ்கிறது. அள்ளிக்கொள்கிறார்.

அவள் கண்கள் கடைக் கொடியில் தொங்குகின்றன. காயமாட்டேன் என்கின்றன. பிச்சையா அடியில் வாளி வைத்திருக்கிறான். அந்தத் தண்ணீரில்தான் ஊர்ச் சட்டைக்கெல்லாம் கஞ்சி போடுகிறான். மடிப்பு நன்றாக நிற்கிறது. துரைசிங்கம்கூடச் சொன்னார்.

எல்லாவற்றையும் சரிசெய்தது தங்கபுஷ்பம்.