புகை வளர்த்த சலவைக்கடை

சலவைக்கடைக்காரருக்கு ஊரெல்லாம் வாடிக்கை என்றால், அதற்குக் காரணம் அவருடைய சோப்பு அல்ல; எதிர்ச்சாரியில் மனைவியின் தம்பி நடத்தும் இரும்பு வார்ப்படப் பட்டறை. அதன் புகைபோக்கி காலையில் ஓர் இருமல் இருமினால் போதும், தெருவில் காயும் சட்டையெல்லாம் புள்ளி விழுந்து, மூட்டை மூட்டையாகக் கடைக்கு வந்துவிடும். போன வருஷம் இரண்டாவது மெஷினும் வாங்கிப் போட்டார். நாடு முன்னேறுகிறது என்று யாராவது சொன்னால், தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று நினைப்பு அவருக்கு.

அந்த நினைப்பில் மண்ணைப் போட மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசர் வந்தார். புகைபோக்கிக்கு வடிகட்டி போட்டாக வேண்டும். அதற்கு முன் அக்கம்பக்கத்தில் விசாரிப்பாராம்.

மச்சான் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தான். “மாமா, புகையே கிடையாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. வடிகட்டி விலையைக் கேட்டா தலை சுத்துது.”

“இதை நீ சொல்லணுமா மாப்ளே? உன் புகை நின்னா என் அடுப்புல்ல அணைஞ்சிடும்!”

ஆபீசர் கடைக்குள் நுழைந்தபோது நர்ஸம்மா ஒருவர் நின்றிருந்தார்.

“புகைத் தொந்தரவு உண்டா?”

“புகையா? சார், இந்தத் தெருக் காத்தைப் பாட்டில்ல பிடிச்சு விக்கலாம். ஒரு பொட்டுக் கரி விழுந்தா என் காதை அறுத்துக்கறேன்.”

ஆபீசர் தலையாட்டினார். நர்ஸம்மா ஆட்டவில்லை. தன் வெள்ளைக் கோட்டை மேஜைமேல் விரித்தார். காலரில் கறுப்பு, தோளில் கறுப்பு.

“போன வாரம் நீங்க வெளுத்தது. கேட்டதுக்குப் பட்டறைக் கரின்னீங்க. அங்க கரியே இல்லைன்னா, இது உங்க மெஷின் அழுக்கா?”

பின்னால் நின்ற தையல்காரர், இறக்கிய மூட்டையைச் சத்தமில்லாமல் திரும்பத் தூக்கிக்கொண்டார்.

கடைக்காரர் மூட்டையையும் ஆபீசரையும் மாறி மாறிப் பார்த்தார். புகை உண்டு என்றால் வேலை குறையும்; இல்லை என்றால் கடையே போகும். மூட்டை வாசலைத் தாண்டுவதற்குள் கணக்குப் போட்டு முடித்தார்.

“சார், அது சாதாரணப் புகையா? பகல்லயே இருட்டிடும். என் மச்சான்தான் விடறான். காதைப் பத்திச் சொன்னதை மட்டும் மறந்துடுங்க.”

வடிகட்டி ஏறியது. மச்சான் அக்கா வீட்டுப் படி ஏறுவதை நிறுத்தினான். தெருவில் சட்டைகள் வெள்ளையாகவே காய்ந்தன. இரண்டாவது மெஷின்மேல் பூனை படுத்துத் தூங்கியது.

பிறகு ஒரு நாள் மச்சான் தானாகவே வந்தான், ஆள் உயரத் துணிப்பைகளைச் சுமந்துகொண்டு. வடிகட்டிக்குள் கரியைப் பிடிப்பதே இந்தப் பைகள்தானாம். அடிக்கடி வெளுக்க வேண்டுமாம்.

“பார்த்துப் போடுங்க மாமா, சொந்தத்துக்குள்ள.”

“சொந்தம்னுதான் ரெண்டு மடங்கு. வெளியாளுக்கு மூணு.”

“அக்காகிட்ட சொல்லுவேன்.”

“தாராளமா. ரேட்டு போட்டதே அவதான்.”

பூனை இறங்கியது, இரண்டு மெஷினும் ஓடின. அப்போது பார்த்து, வடிகட்டியைச் சோதிக்க வந்த ஆபீசர் கடைவாசலிலேயே நின்றுவிட்டார். சாக்கடையில் மை மாதிரி தண்ணீர் ஓடியது.

“இது எங்கேருந்து வருது?”

கடைக்காரர், பைகளுக்காகக் காத்திருந்த மச்சானைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினார்.

மச்சான் சட்டைக்கையை நிதானமாக மடித்துவிட்டுக்கொண்டான். “வாங்க சார், குழாய் எங்க இருக்குன்னு நானே காட்டறேன்.”