ஒட்டுக்குக் கீழே ஒரு பாதை

பழைய வரைபடத்தைத் துணியிலிருந்து பிரிக்கும்போது அவசரம் ஆகாது, கண்ணுகளா. ஈரத்துணியை மேலே போட்டுவிட்டு, பசை இளகுகிறவரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். இழுத்தால் ஊரே இரண்டாகக் கிழியும்.

நில அளவை அலுவலகத்தில் கிழிந்த படங்களை ஒட்டித் தருகிறவளை எல்லோரும் ஒட்டுக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். வேலையில் சேர்த்துவிட்டது அவள் அண்ணன். அதே அலுவலகத்தில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். தாய் தகப்பன் இல்லாத பிள்ளையைத் தோளில் போட்டு வளர்த்தவர். புருஷன் செத்து அவள் திரும்பி வந்தபோது, தன் வீட்டை ஒட்டிப் புதர் மண்டிக் கிடந்த இடத்தில் காற்றோட்டமாக ஓர் அறையும் அடுக்களையும் கட்டிக் கொடுத்தார். அண்ணன் சொன்னது அவளுக்குக் கல்லில் வெட்டின எழுத்து.

அண்ணன் வீட்டுக்குப் பின்வரிசையில் ஏழு வீடுகள். அங்கிருப்பவர்கள் மரக்கடைக்காரர் முற்றத்தைக் கடந்துதான் பெரிய தெருவுக்கு வந்தாக வேண்டும். அவர் இப்போது சுவர் எழுப்பப் போகிறார். எழுப்பிவிட்டால் இடுப்பளவு வாய்க்காலில் இறங்குவதைத் தவிர வேறு வழியில்லை. முன்னொரு காலத்தில் தங்களுக்கென்று தனிப்பாதை இருந்தது என்பது அவர்கள் பேச்சு. "பழைய படத்துல காட்டுங்க, திறந்து விடுறேன்" என்றார் அதிகாரி. வெள்ளிக்கிழமை விசாரணை.

பின்வரிசைத் தையல்காரி ஒட்டுக்காரியின் தோழி. அவள் மகள் நிறைமாத கர்ப்பிணி.

"ஏன்டி, நீ நாளெல்லாம் படத்தோடயே குடும்பம் நடத்துறவதானே? ஒரு தடவை நல்லாப் பாரேன்."

"எத்தனை தடவை சொல்றது? அண்ணன் சங்கிலி பிடிச்சு அளந்த இடம். அங்க பாதையே கிடையாதாம்."

"உங்கண்ணன் சொன்னா சூரியன்கூட மேற்கால உதிக்கும்!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். இருபது வருஷமாக இதே கேள்வி, இதே பதில். இவள் வாக்கை நம்பித்தான் பின்வரிசைக்காரர்கள் இந்தச் சுவர்ப் பேச்சு வரும்வரை ஒரு மனுகூட எழுதாமல் இருந்தார்கள்.

வியாழக்கிழமை காலை, மறுநாள் விசாரணைக்காக ஊரின் மிகப் பழைய படத்தைப் புதுத்துணியில் ஒட்டித் தரச் சொல்லி அவள் மேசைக்கு அனுப்பினார்கள். ஈரத்துணி போட்டாள். படத்தின் நடுவே, சோப்புக்கட்டி அளவில் ஒரு பழைய ஒட்டு இளகி மேலே எழும்பியது. பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் அவளே போட்ட ஒட்டு! "பூச்சி அரிச்சிருக்கு தங்கச்சி. மேல ஒரு தாள் ஒட்டு, கோட்டை நான் வரைஞ்சுக்கறேன்" என்று அண்ணன் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தார். கை சுத்தம் என்று மெச்சவும் செய்தார். அப்போது அவளுக்குப் படம் படிக்கத் தெரியாது. கோடெல்லாம் கோழி கிளறின மண்தான்.

ஒட்டை எடுத்தாள். பூச்சி அரித்த தடமே இல்லை. நேற்று வாங்கின தாள்போல முழுசாக இருந்தது. அதில் இரண்டு புள்ளிக்கோடுகள், பின்வரிசையிலிருந்து நேராகப் பெரிய தெருவுக்கு. இன்றைய படத்தைப் பக்கத்தில் விரித்து அடிக்கோல் வைத்து அளந்தாள். பாதை அவள் கட்டிலுக்குக் கீழே நுழைந்து, அடுக்களையைத் தாண்டி, அண்ணன் வீட்டு வாசலோரம் பெரிய தெருவில் வந்து முடிந்தது.

மதியம் வீட்டுக்குப் போனபோது அண்ணன் செய்தித்தாளை மடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அந்தப் படத்துல பூச்சி அரிக்கவே இல்லையே."

எந்தப் படம் என்று அவர் கேட்கவில்லை. "யாருக்காகக் கட்டினேன்? உனக்கு ஒரு கூரை வேணும்னுதானே?"

"சரி, எனக்காகவே இருக்கட்டும். நீங்களே ஒட்டியிருக்கலாமே? என்னை ஏன் ஒட்டச் சொன்னீங்க?"

"பின்னாடி யாராவது கண்டுபிடிச்சா, கத்துக்குட்டி தெரியாம பண்ணினதுன்னு சொல்லிக்கலாம்னுதான்..."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. திரும்ப ஒட்டிடு, தங்கச்சி."

அடித்திருந்தால் தாங்கியிருப்பாள், கண்ணுகளா. தோளில் தூக்கி வளர்த்தவர், அடி விழுந்தால் அவள்மேல் விழட்டும் என்று அன்றைக்கே முன்னால் நிறுத்தியிருக்கிறார். தண்ணீர்கூடக் குடிக்காமல் அலுவலகம் திரும்பினாள்.

வெள்ளிக்கிழமை, படத்தை ஒட்டில்லாமல் அதிகாரி முன் விரித்து, பிரித்தெடுத்த ஒட்டைப் பக்கத்தில் வைத்தாள்.

"இதை மறைச்சு ஒட்டினது யாரு?"

"நான்தான்."

"யார் சொல்லி?"

முதல் வரிசையில் அண்ணன் இருமினார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"எங்கண்ணன் சொல்லி."

பாதையைத் திறக்க உத்தரவு ஆயிற்று. அதுவரை மரக்கடைக்காரர் சுவரில் ஒரு கல்கூட வைக்கக் கூடாது. வெளியே தையல்காரி வந்தாள். கட்டிக்கொள்வாள் என்று நினைத்து ஒட்டுக்காரி இரண்டடி முன்னே போனாள்.

"எங்கம்மா நெஞ்சுவலியில துடிச்சப்போ மரக்கடை கேட் பூட்டிக் கிடந்துச்சு, ஞாபகம் இருக்கா? சாவிக்கு ஓடினோம். அதுக்குள்ள போயிட்டா. அன்னிக்கும் பாதை இல்லேன்னுதான் சொன்னே."

"சத்தியமா எனக்குத் தெரியாதுடி."

"தெரியாதுதான். ஆனா உன்னை நம்பினோமேடி" என்று சொல்லிவிட்டுத் தையல்காரி தன் ஆட்களோடு நடந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் ஒட்டுக்காரி, பாதைக்காக இடிபடப் போகிற தன் அறையில் கட்டிலைத் தனியாகக் கழற்றினாள். அண்ணன் கதவோரம் வந்து நின்றார்.

"ஒரு பக்கம் பிடிக்கட்டுமா, தங்கச்சி?"

"வேண்டாம்" என்றாள். அண்ணே என்று சேர்க்கவில்லை.