யாத்விகா எறிந்த வட்டு

ப்ரிப்பியாத் ஆற்றங்கரை மைதானத்தில் யாத்விகா எறிந்த வட்டு ஆறு ஆண்டுகளாகக் கீழே விழவில்லை. ஆற்றைத் தாண்டியது, செங்கால் நாரைகளின் கூடுகளைத் தாண்டியது, மேகத்துக்குள் புகுந்தது. மறுநாள் மைதானத்தின் மேலேயே சுற்றிக்கொண்டிருந்தது. வட்டு தரையைத் தொடும்வரை எறிந்தவர் வளையத்தை விட்டு வெளியே வரக் கூடாது என்பது விதி. வந்தால் வீச்சு செல்லாது. எந்தப் போட்டியிலும் நான்காம் இடத்தைத் தாண்டாத யாத்விகாவுக்கு இது ஒன்றுதான் உருப்படியான வீச்சு. எனவே வளையத்துக்குள்ளேயே இருந்துவிட்டாள்.

நடுவர் கந்த்ராத்தும் இரண்டு கொடிகளோடு பக்கத்திலேயே இருந்தார். முதல் கோடையில் செய்தியாளர்கள் வந்தார்கள், அடுத்த கோடையில் வாத்துகள் மட்டும் வந்தன. அவளுக்குப் பேசிவைத்திருந்த டிராக்டர் ஓட்டுநர் இரண்டு குளிர்காலம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பால் பண்ணைக்காரி ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. பனி கொட்டினால் கந்த்ராத் வளையத்தைச் சுற்றிக் குவிந்ததை வாரி அப்பால் போடுவார். அம்மா ஸ்தெபானிதா படகேறி உருளைக்கிழங்கு அடை கொண்டுவருவாள். யாத்விகா நின்றபடியே சாப்பிட்டு, உட்கார்ந்தபடியே தூங்கினாள். போகப்போக அண்ணாந்து பார்ப்பதையும் விட்டுவிட்டாள்.

ஆறாவது செப்டம்பரில் அம்மா வெறுங்கையோடு வந்தாள்.

"நாளன்னிக்கு உறைபனியாம்டி. கெழங்கு பூரா மண்ணுக்குள்ள கெடக்கு. எனக்கு இடுப்பு வளையல."

"வட்டு இன்னும் விழலையேம்மா."

"அது விழறப்ப விழட்டும். கெழங்கு காத்திருக்குமா?"

யாத்விகா நடுவரைப் பார்த்தாள்.

"வெளிய வந்தா நான் செவப்புக் கொடிதான் காட்டணும், பாத்துக்க" என்றார் அவர்.

"காட்டுங்கண்ணே. உங்களுக்கும்தான் கால் மரத்துப் போயிருக்கும்."

விதிப்படி வளையத்தின் பின்பாதி வழியாகவே வெளியே வந்தாள். பழக்கம் விடவில்லை. சிவப்புக் கொடி உயர்ந்தது. அழுதது கந்த்ராத்தான். அவளுக்கு வருத்தமே இல்லை என்றால் பொய், ஆனால் அதைவிடக் களைப்பு பெரிதாக இருந்தது.

மறுநாள் அக்கரையில் அவள் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தபோது பக்கத்துச் சாலில் பொத்தென்று ஏதோ விழுந்தது.

"கல்லா, கெழங்கா?" என்றாள் அம்மா, நிமிராமலே.

யாத்விகா அதைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். "கல்லுதாம்மா."

"அப்பத் தூக்கி எறிஞ்சிடாத. கோஸ் பீப்பாய்க்குப் பாரம் இல்லாமத் தவிச்சிக்கிட்டிருக்கேன்."

அங்கிருந்து மைதானம் எவ்வளவு தூரம் என்று யாரும் அளக்கவில்லை. செல்லாத வீச்சை அளக்கும் வழக்கம் இல்லை. வட்டைக் கழுவி, உப்பிட்ட கோஸின் மேல் பலகை போட்டு, அதன்மேல் வைத்தார்கள். காலையில் அது பலகையை விட்டு ஒரு விரற்கடை எழும்பி மெல்லச் சுழன்றுகொண்டிருக்கும். அடுப்பு மூட்டப் போகும் வழியில் யாத்விகா அதை உள்ளங்கையால் அமுக்கிவிட்டுப் போவாள்.