ஆறு பெயர் எழுதுங்கள்

“எழுத்து வாக்கெடுப்பு வேண்டும்.”

எழுந்து நின்று நோர்வேஜியனில் சொன்னேன். கைதட்டத் தூக்கிய நாற்பது சோடிக் கைகள் அப்படியே நின்றன. கேட்கவே கூடாதென்று சோதி மாமா எனக்குச் சொல்லித் தந்திருந்த ஒரே விசயம் அதுதான்.

போன கிழமை தன் காரில் வைத்துச் சொன்னார். “நீ என்னவும் கேள் பிள்ளை. வீடு கேள், பள்ளிக்கூடத்துக்குக் காசு கேள், சைவச் சனத்துக்குச் சுடலை கேள். எழுத்தில போடுவம் எண்டு மட்டும் கேக்காத. கையைத் தட்டினாத்தான் ஆர் எங்கட ஆள் எண்டு தெரியும்.”

எங்கள் கட்சிக் கிளையில் தேர்தல் என்றால் கைதட்டல். அடுத்த வருசம், 2007இல், ஒஸ்லோ நகரசபைத் தேர்தல். கட்சியின் பட்டியலில் யார் யார், எந்த வரிசையில் என்பதை நகர மாநாடு முடிவு செய்யும். அந்த மாநாட்டுக்கு ஒவ்வொரு கிளையும் பேராளர்களை அனுப்ப வேண்டும். எங்கள் கிளைக்கு ஆறு பேர். அந்த ஆறு பேரையும் தெரிவுக் குழு என்று மூன்று பேர் யாரோ ஒருவருடைய குசினியில் கோப்பி குடித்தபடி முன்கூட்டியே கோத்துவிடுவார்கள். ஒரு தொழிற்சங்கக்காரர், இரண்டு ஓய்வூதியக்காரர், ஒரு இளைஞர், ஒரு பாகிஸ்தானியர், ஒரு தமிழர். கூட்டத்துக்கு அது முழுக் கோர்வையாகத்தான் வரும். ஒரு மணியைக் கழற்றினால் எல்லாம் கொட்டுண்டுவிடும் என்று எல்லோருக்கும் பயம். ஆகவே கைதட்டிவிட்டு வாஃபில் அப்பம் தின்னப் போவார்கள்.

அந்தத் தமிழ் மணி நான்தான் என்று இரண்டு வருசமாகச் சொல்லிக்கொண்டிருந்தார் சோதி மாமா. தெரிவுக் குழுவில் ஒருவர் அவர். துப்புரவுக் கம்பனி ஒன்றில் மேற்பார்வையாளர். எங்கள் சனத்தில் பாதிப் பேருக்கு வேலை எடுத்துக் கொடுத்தவர், மீதிப் பாதிக்கு விசாக் கடிதம் எழுதிக் கொடுத்தவர். உறவுக்காரரில்லை. எல்லோருக்கும் மாமா.

அந்த ஒரு சொல்லை நம்பி நான் அடுக்குமாடி அடுக்குமாடியாக ஏறினேன். இறால் பொரித்துக்கொண்டிருந்த பெண்களைக் குசினியை விட்டு வெளியே கூப்பிட்டுக் கட்சியில் சேர்த்தேன். கூட்டங்களில் நோர்வேஜியனில் பேசியதை, பின்வரிசையில் இருந்த எங்கள் சனத்துக்குத் திரும்பித் திரும்பித் தமிழில் சொன்னேன். எங்கள் வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். ஒஸ்லோவின் ப்ளின்டர்ன் வளாகத்தில் அரசறிவியல் படித்தவள். ஒஸ்லோவை விட்டுத் தூரத்தில், பேர்கன் நகரில் ஒரு அலுவலக வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். பேராளராகப் போனால் பட்டியலில் இடம் கேட்கலாம், இடம் கிடைத்தால் நகரசபைக்கே போகலாம் என்ற எண்ணத்தில் பேர்கன்காரருக்கு ஓமென்றும் சொல்லாமல் இல்லையென்றும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

இன்றைக்கு, கார்த்திகை மாத ஞாயிறு மத்தியானம், பாடசாலைச் சாப்பாட்டு மண்டபத்தில் கிளைத் தலைவி பெரித் ஆறு பெயரை வாசித்தாள். ஆறாவது பெயர் கோபிகன்.

கோபிகன் சோதி மாமாவின் தங்கை மகன். கோடையில்தான் பேர்கனிலிருந்து வந்தவன். கிளைக் கூட்டத்துக்கு இதற்கு முன் ஒரு தடவை வந்திருக்கிறான், அதுவும் மாமாவைக் காரில் ஏற்றிப்போக. என்னை முதலாவது வாராவாகப் போட்டிருந்தார்கள். வாரா என்றால் பதிலாள். ஆறு பேரில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் நான் போகலாம்.

கூட்டத்துக்கு முன் கோப்பி மேசையடியில் மாமா இதை எனக்குச் சாடையாகச் சொல்லித்தான் இருந்தார். எனக்குத்தான் விளங்கவில்லை.

“நீ பொம்பிளைப் பிள்ளை தக்சிலா. நாளைக்குக் கலியாணம் கட்டி லோறென்ஸ்கூக்கில வீடு வாங்கிக்கொண்டு போயிடுவாய். அது வேற நகரசபை. எங்கட இடம் சும்மா போயிடும். ஆம்பிளைப் பிள்ளை எண்டா நிப்பான்.”

“எனக்கு ஆர் கலியாணம் பேசினது மாமா?”

“பேசினா வரமாட்டாங்களோ? வாயைக் கொஞ்சம் குறைச்சா வருவாங்கள்.”

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுதான் இன்னும் எரிகிறது.

ஆகவே கேட்டேன். ஒருவர் கேட்டாலே கொடுக்க வேண்டும், விதி அப்படி. பெரித் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “நீ உன்னையே முன்மொழிகிறாயா?” என்று கேட்டாள். ஓம் என்றேன். வெண்பலகையில் ஆறு பெயருக்குக் கீழே ஏழாவதாக என் பெயரை எழுதினாள்.

“ஒவ்வொரு சீட்டிலும் ஆறு பெயர்,” என்றாள். “கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அப்படியில்லாத சீட்டு செல்லாது.”

வழக்கம்போல் பின்வரிசைக்குத் திரும்பி வாயைத் திறந்தேன். பெரித் கையைக் காட்டித் தடுத்தாள்.

“தக்சிலா, நீ இப்போது வேட்பாளர். நீயே விளக்கினால் சரியாக இராது.”

அவள் சொன்னது நியாயம். நோர்வேக்காரருக்கு நியாயம் நன்றாக வரும்.

“நான் சொல்லுறன்,” என்று சோதி மாமா எழுந்தார்.

நான் முன்னால், பலகையடியில் நின்றேன். அவர் பின்வரிசையில் ஒவ்வொரு கதிரையாகக் குனிந்து குனிந்து போனார். என்ன சொல்கிறார் என்று கேட்கவில்லை. எனக்கு எதிராகக் குத்தச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் சனம் என்னைப் பார்த்துச் சிரித்தது. நான் கட்சியில் சேர்த்த செல்வமலர் அக்கா பெருவிரலை உயர்த்திக் காட்டினாள். என் அம்மா பூமணி, மேல்கோட்டைக் கழற்றாமலே இருந்தவள், பேனையை வாங்கி, ஒரு கையால் மறைத்துக்கொண்டு எழுதினாள். எழுதி முடித்ததும் என்னைப் பார்த்துத் தலையாட்டினாள்.

மறைவாக எழுதக் கிடைத்தால் என் சனம் என் பக்கம் நிற்கும். அதை நான் பிழையாகக் கணிக்கவில்லை.

சீட்டுகளை எண்ணியவர் ரெய்தார், ஓய்வுபெற்ற ட்ராம் சாரதி. எண்ணி முடித்து, ஒரு கட்டைத் தனியே ஒதுக்கி வைத்தார்.

“நாற்பத்தொரு சீட்டு. செல்லாதவை பதினேழு. பதினேழிலும் ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது.” தொண்டையைச் செருமிக்கொண்டு என்னைப் பார்த்தார். “எல்லாவற்றிலும் அதே பெயர்.”

செல்லுபடியானவற்றில் எனக்குப் பத்து. கோபிகனுக்குப் பதினாறு.

பத்தும் பதினேழும் இருபத்தேழு. இதற்கு அரசறிவியல் படித்திருக்கத் தேவையில்லை.

நேரே அம்மாவிடம் போனேன்.

“அம்மா, எத்தினை பேர் எழுதினீங்க?”

“உன்ர பேர் மட்டுந்தான் மகள்,” என்றாள் அம்மா. முகமெல்லாம் சந்தோசம். “மத்தவனுகளுக்கு ஏன் போடுவான்?”

“ஆர் அப்பிடி எழுதச் சொன்னது?”

“சோதியண்ணன்தான். பாவம், மனிசன் நல்ல மனிசன் மகள். ‘பிள்ளை வெல்லோணும் எண்டா அவளின்ர பேரை மட்டும் எழுதுங்கோ, மற்றப் பேரையும் எழுதினா அவளுக்குப் பலம் குறைஞ்சிரும், ஊரில விருப்பு வாக்குப் போடுற மாதிரித்தான்’ எண்டு ஒவ்வொருத்தரிட்டயும் சொன்னவர். வெண்டிட்டியா?”

“அது குப்பையம்மா. நீங்க எழுதினது குப்பைக்குள்ள போயிட்டுது. ஆறு பேர் எழுதாட்டிச் செல்லாது.”

மெதுவாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் முகத்திலிருந்த சந்தோசம் எப்படிப் போகிறதென்று நின்று பார்த்தேன்.

பெரித்திடம் திரும்பி, விதி பிழையாக மொழிபெயர்க்கப்பட்டது என்றேன். மாமா எழுந்தார். அவருடைய நோர்வேஜியன் என்னுடையதைவிட உடைசல், ஆனால் தேவையான இடத்தில் பணிவாக வரும்.

“நான் ஆறு என்றுதான் சொன்னேன் பெரித். எளிய மனிதர்கள். வயதானவர்கள். சிலருக்கு விளங்கியிருக்காது.”

பெரித் விதிப் புத்தகத்தைப் புரட்டினாள். “விளக்கம் பிழையாகக் கிடைத்தது என்று யாராவது ஒருவர் சொன்னாலே போதும். மறுபடி வாக்கெடுக்கலாம். ஒரு கை போதும். தக்சிலா, இதை நீ மொழிபெயர்க்கலாம்.”

பின்வரிசைக்குத் திரும்பினேன்.

“ஒரு பேர் மட்டும் எழுதச் சொல்லித்தான் உங்களுக்குச் சொன்னது எண்டு ஒராள் கையைத் தூக்கினாலே காணும். திரும்பவும் எழுதலாம். இந்த முறை ஆறு பேர். நான் வெல்லுவன்.”

ஒருவரும் அசையவில்லை. மாமா உட்காராமல் நின்றார். அவர் ஒருவரையும் மிரட்டவில்லை. கல்யாண வீட்டு வாசலில் நின்று வந்தவரை விசாரிப்பதுபோல் விசாரித்தார்.

“செல்வமலர், உம்மட மனிசன்ர விசாக் கடிதத்துக்கு மறுமொழி வந்திட்டுதோ?”

செல்வமலர் அக்கா கைப்பையின் சிப்பைத் திறந்து மூடினாள்.

“அருட்செல்வம், மகனுக்கு ஏதோ வேலை கேட்டனீர் என்ன?”

அருட்செல்வம் நிலத்தைப் பார்த்தார்.

“பூமணி, அந்தப் பள்ளிக்கூடத்து வேலை தையோட முடியுதெல்லோ? நான்தான் திரும்ப எழுதோணும்.”

அம்மாவின் வலது கை மடியிலிருந்து எழும்பியது. நான் பார்த்தேன், எல்லோரும் பார்த்தார்கள். கை நெஞ்சு வரைக்கும் வந்தது. வந்து, மேல்கோட்டின் பொத்தானைப் பூட்டியது. பிறகு அடுத்த பொத்தானைப் பூட்டியது.

“அம்மா.”

“விடு மகள்,” என்றாள், என்னைப் பாராமல். “சபையில சண்டை வேணாம்.”

பெரித் காத்திருந்தாள், கொஞ்சம் கூடவே காத்திருந்தாள். பிறகு ஆறு பெயரையும் வாசித்தாள். இந்த முறை கைகள் முழுதாகத் தட்டின. பின்வரிசையும் தட்டியது. மாமா திரும்பி நின்று பார்த்துக்கொண்டிருந்தார், யார் தட்டுகிறார்கள் என்று. அம்மாவும் தட்டினாள். விறைத்த விரல்களைச் சூடாக்குகிறவள்போல், சத்தமில்லாமல்.

“முதலாவது வாராவாக இருக்கச் சம்மதமா, தக்சிலா?” என்று பெரித் கேட்டாள்.

“இல்லை.”

“அவசரப்படாதே. நீ எங்களுக்குத் தேவை.”

“யாருக்கு?” என்று கேட்டேன். வாஃபில் சுட்டாயிற்றென்று யாரோ கூப்பிட, பெரித் அந்தப் பக்கம் போனாள்.

கதிரையிலிருந்து என் மேல்கோட்டை எடுத்தேன். மாமா பக்கத்தில் வந்தார். குரலில் கோபமில்லை, அதைத்தான் தாங்க முடியவில்லை.

“நீ கேட்டாய், எழுத்தில தந்தம். எங்கட சனத்துக்கு உன்னில எவ்வளவு விருப்பம் எண்டு பாத்தியோ? பதினேழு பேர்! அடுத்த முறை பாப்பம். அதுவரைக்கும் இந்த மொழிபெயர்க்கிற வேலையை விடாத, உன்னை விட்டா ஆளில்லை.”

“நீங்கள்தான் வடிவாச் செய்யிறீங்களே மாமா.”

கோபிகன் அவருக்குப் பின்னால் நின்றான். வாஃபிலை வாயில் வைத்துவிட்டுக் கடிக்காமல் நின்றான்.

“சொறி அக்கா. எனக்கு ஒண்டும் தெரியாது. மாமாதான்...”

“பேர்கனில இப்ப குளிரோ தம்பி?”

“குளிரில்லை அக்கா. மழை. ஒரே மழை. ஏன்?”

“அங்கை தமிழ்ச் சனம் கனபேரோ?”

“இல்லையக்கா. கொஞ்சப் பேர்தான்.”

“நல்லது.”

அம்மா எழுந்து நின்றாள். செல்வமலர் அக்காவும் அவளுடைய தங்கையும் கூடவே எழுந்தார்கள். மூன்று பேரையும் என் காரில்தான் கூட்டிவந்திருந்தேன்.

“வா மகள், போவம்,” என்றாள் அம்மா. “வீட்ட போய்க் கதைப்பம். சோறிருக்கு.”

“சோதியண்ணன் நல்ல மனிசன் எண்டுதானே சொன்னீங்க. அவர் கொண்டுபோய் விடுவார்.”

“வெளிய பனி கொட்டுது புள்ள.”

“கோட் பூட்டியிருக்குத்தானே.”

அம்மாவின் கை அந்தப் பொத்தானுக்குப் போய் அங்கேயே நின்றது. மாமா முன்னுக்கு வந்து, “அதுக்கென்ன பூமணி, நான் விடுறன்,” என்றார், மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி.

கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். காரின் கண்ணாடியில் பனி கனமாகப் படிந்திருந்தது. கையால் தள்ளினேன். பின்கதவைத் திறந்து, செல்வமலர் அக்கா விட்டுவிட்டுப் போன குடையை எடுத்துப் பாடசாலைச் சுவரில் சாய்த்து வைத்தேன். பேர்கன்காரர் எழுதிய கடிதத்தில் வேலை தை இரண்டாம் கிழமை தொடங்கும் என்றிருந்தது. முன்னதாகவே வந்து தொடங்கலாமா என்று நாளைக்குக் காலையில் கேட்க வேண்டும்.